எதிர்ப்பக்கம் திரும்பும் லென்ஸ்

"அண்ணாச்சி, ஒரே காதை ரெண்டு தடவை குத்த முடியுமா?"

கல்லாவில் இருந்த பால்துரை நிமிர்ந்து பார்த்தார். கேமரா கடைக்கு வந்து கேட்கிற கேள்வியா இது?

"ஞாயித்துக்கிழமை திருச்செந்தூர்ல என் மகளுக்குக் காது குத்து. வீடியோ மங்கிட்டுன்னா, இன்னொரு மட்டம் குத்துங்கன்னு ஆசாரிகிட்டச் சொல்ல முடியாதுல்லா? அதான் நல்ல லென்சாப் பார்க்க வந்தேன்."

பேச்சிச்செல்விக்கு வாய் சிரித்தபடியேதான் இருக்கும். மாப்பிள்ளையூரணிப் பக்கம் சடங்கு, வளைகாப்பு எதுவானாலும் வீடியோ அவள்தான். கூடையில் பிள்ளையின் பால் புட்டியை ஒதுக்கிவிட்டு, வீடியோ கேமராவை எடுத்து வைத்தாள். ஃபோட்டோ லென்ஸை அதில் மாட்டுவதற்கான அடாப்டரும் கூடவே இருந்தது.

பால்துரை அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார்.

"புது லென்ஸ் எதுவும் இதுக்கு ஆகாதும்மா. வெளிச்சத்தைக் கூட்டு, குறைன்னு கேமரா சொன்னாத்தான் அதுக கேக்கும். இந்த அடாப்டர் ஊமை. வெளிச்சத்துக்கு லென்ஸ்லயே வளையம் இருக்குத பழசுதான் உனக்கு."

அடித்தட்டிலிருந்து இரண்டை எடுத்தார். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள் பேச்சிச்செல்வி. உப்புக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டும் சுத்தமாக இருந்தன.

"இதை எடுத்துக்கோ. நீ வச்சிருக்குத லென்ஸ் மாதிரியே திரும்பும்."

"அது?"

"அது வேண்டாம். ஃபோகஸ் வளையம் எதிர்ப்பக்கம் திரும்பும்."

வேண்டாம் என்றவர், அதைக் கீழே வைக்க மனசில்லாமல் வைத்திருந்தார். ஃபிலிம் ரோல் காலத்தில், முகூர்த்த மாசமென்றால் இந்தக் கடையில் நிற்க இடம் கிடையாது. வருகிற ஸ்டுடியோக்காரன் அத்தனை பேர் கழுத்திலும் இதே லென்ஸ்தான் தொங்கும். ஒரு கையில் டீ கிளாஸ் இருக்கும். இன்னொரு கை, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி, பார்க்காமலே வளையத்தை உருட்டிக்கொண்டிருக்கும்.

"எனக்கு அதையே தாங்க."

பால்துரைக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் தமிழ்லதானம்மா சொன்னேன்? ஊசி இறங்குத நேரம் உன் கை பழகின பக்கம்தான் போகும். பிள்ளை மூஞ்சி மங்கிரும்."

"என் கை அப்படித்தான் போகும் அண்ணாச்சி. நீங்க அதைத் தாங்க."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், பிள்ளையைத் தோளில் போட்டபடி, கடைக்கு முதுகைக் காட்டி ஒருவர் நின்றார்.

"உன் வீட்டுக்காரர்தானே? அவரையாவது கூப்பிடு. நான் சொல்லிக்கிடுதேன்."

"வரமாட்டாவ. அவியளும் ஸ்டுடியோ வச்சிருந்தவியதான். புதுக் கேமரா வாங்கிப் போன முதல் கல்யாணத்துல, தாலி கட்டுத படம் பூரா மங்கிட்டு. கல்யாண வீட்டுக்காரவிய மண்டபத்துல நிக்க வச்சு ஏசிட்டாவ. அன்னையிலேருந்து கேமராவைத் தொடுததில்ல. இப்போ பலசரக்குக் கடை."

தொழில் தெரிந்தவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பெண்டாட்டி வேண்டாததை வாங்கிக்கொண்டு போகிறாள். நல்ல ஜோடி!

எப்படியும் போகட்டுமென்று கொடுத்தார். டப்பாவில் போடக்கூட விடாமல், அங்கேயே லென்ஸைக் கேமராவில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். பால்துரை வாசலுக்கு வந்து நின்றார்.

பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கேமராவைக் கணவர் கையில் திணித்தாள்.

"ஏளா, உனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? என்கிட்ட எதுக்கு இதைக் குடுக்க?"

வாய்தான் சத்தம் போட்டது. இடது கை லென்ஸுக்குப் போய்விட்டது. அவர் பார்க்கவே இல்லை. விரல்கள் தானாக வளையத்தை உருட்டின, எதிர்ப்பக்கமாக.

பால்துரை வாசலை விட்டு ரோட்டோரம் இறங்கினார்.

"அந்தப் புதுக் கேமரா லென்ஸ் எதிர்ப்பக்கம் திரும்பினதாலதான அன்னைக்கு மங்கிச்சு? இது உங்க கை பழகின பக்கம் திரும்பும்" என்றாள் பேச்சிச்செல்வி. "ஊரார் விசேஷத்துல எல்லாம் நான் படத்துக்கு வெளியவே நின்னாச்சு. நம்ம பிள்ளை காது குத்துலயாவது படத்துக்குள்ள இருந்துக்கிடுதேன். எங்க ரெண்டு பேரையும் நீங்க எடுங்களேன்."