காயாத படி

துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறேன். யார் ஊருக்குக் கிளம்பினாலும் அவர்களுக்குப் பின்னால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர் போல ஓடிப்போய், தண்ணீர் போலத் திரும்பி வரட்டும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

மூன்று வருடம் முன்பு, என்னிடம் தங்கிப் படித்த எர்தாலுக்கும் ஊற்றினேன். போகிற வழியில் பஸ் கவிழ்ந்து அவன் இறந்துவிட்டான். நான் வாசல்படியில் ஊற்றிய தண்ணீர் அன்றிலிருந்து காயவில்லை. துடைத்தாலும் மதியத்துக்குள் மறுபடி ஈரமாகிவிடும். கொத்தனார் தோண்டிப் பார்த்துவிட்டு, அடியில் குழாயே இல்லை என்றார்.

இந்த வருட வசந்த விழாவுக்கு அவனுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவன் போனில் சொன்ன இடங்களையெல்லாம் சுற்றிப் பார்த்தார்கள்.

"ஆத்துல படகு, பூங்கா, பொரிச்ச ரொட்டி. காலேஜைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்ல, கழுதை" என்றார் அப்பா.

அம்மா சபிஹா படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெர்மின் அக்கா, அவன் கிளம்பினப்ப தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்மா."

"அதான் இங்கயே திரும்பி வந்துட்டான்" என்றாள். குரலில் கோபம் இல்லை. குனிந்து ஈரத்தைத் தொட்டு, "வாடா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

மறுநாள் காலை அவர்கள் கிளம்பியதும் சொம்போடு வாசலுக்கு வந்தேன். படி காய்ந்து வெளுத்திருந்தது. தெருவில் அவர்கள் இருவருக்கும் நடுவே ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின.

வழக்கம்போலக் கை உயர்ந்தது, ஊற்றாமல் இறக்கிக்கொண்டேன். தண்ணீரை உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினேன்.