ரோஸ் நிறத்தில் அறுபத்தாறு

பச்சைமலையில் ஓணான், அரணை, பல்லிகளைக் கணக்கெடுக்கிறோம். ஒன்றையே இருமுறை எண்ணிவிடாமலிருக்க, பிடித்ததன் முதுகில் நெயில் பாலிஷால் எண் எழுதி விட்டுவிடுவோம். எனக்கு நீலம். கூட வேலை பார்த்த லாவண்யாவுக்கு ரோஸ். அவள் அறுபத்தைந்து பிடித்தாள், நான் ஒன்பது. அவள் புரட்டுகிற கல்லுக்கடியில் மட்டும் எப்படித்தான் இருக்குமோ.

போன மாதம் மேற்படிப்புக்கு ஜெர்மனி போய்விட்டாள். அந்த வாய்ப்பும் அவளுக்குத்தான் கிடைத்தது. இனி மலை எனக்கு மட்டும்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இன்று காலை முதல் கல்லைப் புரட்டினேன். அரணை ஒன்று கிடந்தது. அதன் முதுகில் ரோஸ் நிறத்தில் 66. பாலிஷ் இன்னும் காயவில்லை.

துடைத்தேன். நீலத்தில் 10 என்று எழுதி, என் பெயரில் குறித்துக்கொண்டேன்.

மதியம் அரும்பாவூருக்கு இறங்கி, டீக்கடையில் குனிந்து முகம் கழுவினேன்.

“பின்கழுத்துல என்னங்க சார், ரோஸ் கலர்ல அறுபத்தேழுன்னு எழுதியிருக்கு?” என்றாள் கடைக்காரக் கொளஞ்சியம்மாள்.

தடவினேன். விரலில் ஒட்டியது.

போன் அடித்தது. லாவண்யாதான். அங்கே பனி கொட்டுகிறதாம்.

“இன்னிக்கு எத்தனைங்க?”

“ஒண்ணு,” என்றேன்.

“அப்படியா,” என்றாள். “எனக்கு ரெண்டு.”