ரசீது இல்லாத வாளிகள்

"இந்த ரெண்டு வாளிக்கு ரசீது எங்க சார்?" என்று கேட்டார் தணிக்கை அதிகாரி டோரதி.

பச்சைமலை தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் சகாயநாதன் விளக்கினார். "உப்பிலியபுரம் சந்தையில வாங்கினது மேடம். தரையில கடை போட்டவங்க ரசீதுக்கு எங்க போவாங்க?"

"அப்போ பள்ளி மானியத்துல சேராது. முந்நூறு ரூபாய் உங்க கைக்காசு."

"பிள்ளைங்க கை கழுவத்தான் மேடம்..."

டோரதி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். கல்லில்கூட நார் உரிக்கலாம், இந்தம்மாவிடம் முடியாது என்று சகாயநாதனுக்கு எப்போதோ தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து காத்திருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் டோரதி ஏறி உட்கார்ந்தார்.

"கோவமாங்க? அந்த முந்நூறை நம்ம வீட்டுக் கணக்குல எழுதிக்கறேன். அங்க ரசீது வேணாம்."