வெள்ளை அட்டை

அந்தப் புற்றுநோய் மருந்துக்கு இரண்டு ஜெனரிக் வகைகள் இருந்தன; ஒன்று வீரியமானது, மற்றது மட்டமானது. யாருக்கு எது என்பதை மருந்தகத்து இயந்திரமே முடிவு செய்தது. பிழைப்பார்கள் என்று அது கணித்தவர்களுக்கு வீரியமான நீல மாத்திரை அட்டை, மற்றவர்களுக்கு வெள்ளை. வெள்ளையைப் பார்த்து அழுதவர்களிடம் கவுன்டரில் நின்ற மரகதவல்லி, “எல்லாம் ஒரே மருந்துதாங்க, அட்டைதான் வேற” என்று ஒன்பது வருடமாகச் சொல்லி வந்தாள். பொய்தான். ஆனால் வரிசை நகர்ந்தது.

இன்று அவள் கணவன் தணிகாசலத்துக்கு வெள்ளை வந்தது. மாத்திரைகளைப் பிரித்து ஒரு டப்பாவில் கொட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“அட்டை எங்க?” என்றான் அவன்.

“விரல் மரத்துப்போச்சுன்னு சொன்னீங்களே. அதான் பிரிச்சே கொண்டாந்தேன்.”

ஒன்றை விழுங்கிவிட்டு அவள் கையைப் பிடித்தான்.

“அழாத. எல்லாம் ஒரே மருந்துதானே” என்றான், கவுன்டரில் அவள் பேசும் அதே குரலில்.