வாய் திறக்காத அம்மா

"இந்தப் பயிற்சியை நீங்க பண்ணுங்க. உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் எழுந்துக்கட்டும்" என்று தெரபிஸ்ட் சொன்னதும், அந்தப் பெண் முக்காலியை இன்னும் பின்னால் இழுத்துச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவரே பண்ணட்டும் என்று கையால் சைகை காட்டினாள்.

தெரபிஸ்டுக்குச் சுருக்கென்றது. பதினாறு வருடமாகக் கைக்குழந்தைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளையைத் தொடப் பயப்படும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறாள். தொடவே மாட்டேன் என்று ஒதுங்கும் அம்மாவை இப்போதுதான் பார்க்கிறாள்.

இத்தனைக்கும் போன வாரம்வரை இவள் இப்படி இல்லை. "எங்க பட்டாணி என்ன பண்ணினான் தெரியுமா மேடம்" என்று கதவைத் திறக்கும்போதே பொரிந்து தள்ளுவாள்.

எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் பையனுக்கு அந்தப் பெயர். ஐந்து மாதம் ஆகியும் கழுத்து தள்ளாடியது. இன்னும் குப்புற விழவில்லை.

அப்பாக்காரன் வெல்டர். பட்டறையை மூடி ஆறு மாதம் ஆகிறது. விரல்களில் தீப்பொறித் தழும்புகள்தான் மிச்சம். இரும்பை உருக்கிய கை, பிள்ளையின் காலைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"கண்ணாடி டம்ளர் இல்லீங்க, உடையாது. முழங்காலைப் பிடிச்சு மெதுவா மடக்கி நீட்டுங்க. சைக்கிள் மிதிக்கிற மாதிரி."

"நான் பிரேக் இல்லாத சைக்கிள்தான் மேடம் ஓட்டியிருக்கேன்."

தெரபிஸ்ட் சிரித்துவிட்டாள். முக்காலியில் இருந்தவள் சிரிக்கவில்லை. சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாள். பிறகு அதையே இன்னொரு நோட்டிலும் எழுதினாள்.

"எதுக்கும்மா ரெண்டு? ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்தது குப்புறப் படுக்கவைக்கிற பயிற்சி. துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, பட்டாணியைப் பாயில் கவிழ்த்தார்கள். இரண்டு நொடி தலையைத் தூக்கினான், தொப்பென்று போட்டுவிட்டுச் சிணுங்கினான். அப்பா ஆட்டிய கிலுகிலுப்பையைச் சட்டை செய்யவே இல்லை. அவன் கண் சுவர்ப்பக்கமே போயிற்று.

"உங்களைத்தான் தேடறான். ஒரு தடவை கூப்பிடுங்க. அம்மா குரல் கேட்டா கழுத்து தானா நிமிரும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டைப் பார்த்தாள்.

"உங்களைத்தாம்மா சொல்றேன். பெத்தவ வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"அவ பேச மாட்டா மேடம்" என்றான் வெல்டர். "ஒரு வாரமா வீட்லயும் இவன் முன்னாடி வாயே திறக்கிறதில்ல. பால் புட்டி, தாலாட்டு எல்லாம் நான்தான்."

"உங்களுக்குள்ள சண்டைன்னா அது உங்களோட இருக்கட்டும். பச்சைப் புள்ள என்னங்க பாவம் பண்ணுச்சு?"

தெரபிஸ்ட் கோபத்தை விழுங்கிக்கொண்டு பிள்ளையை மல்லாக்கத் திருப்பினாள்.

"சரி, நீங்களே பண்ணுங்க. ஒரு காலைத் தூக்கி உங்க பக்கமா கொண்டு வாங்க. இடுப்புல லேசா கை குடுங்க. மிச்சத்தை அவன் பாத்துப்பான்."

வெல்டர் தரையோடு தரையாகப் படுத்து, பாயில் கன்னத்தை வைத்துக்கொண்டான். "டேய் பட்டாணி... அப்பாதான்டா. இங்க பாருடா."

பட்டாணி ஒரு தடவை சுவர்ப்பக்கம் பார்த்தான். காத்திருந்தான். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. உதடு பிதுங்கியது.

பிறகு மெல்ல அப்பாவின் குரல் வந்த பக்கம் திரும்பினான். இடுப்பு புரண்டது, பின்னாலேயே தோளும் வந்தது. அடியில் மாட்டிய கையை முக்கி முனகி இழுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தான்.

"குப்புற விழுந்துட்டான்!" தெரபிஸ்ட் கைதட்டினாள். வெல்டர் சிரித்தான், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தான்.

அம்மா ஓடி வரவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். சற்று அடங்கியபின் எழுந்து தெரபிஸ்டின் அருகே வந்து, பிள்ளைக்குக் கேட்காதபடி கிசுகிசுத்தாள்.

"அவர் குரலுக்குத் திரும்பிட்டான்ல மேடம்? இனிமே நான் இல்லேன்னா தேட மாட்டான்ல?"

"நீங்க இல்லேன்னா? எங்கேம்மா போறீங்க?"

"கடல் தாண்டி" என்றான் கணவன் பாயில் கிடந்தபடியே. "ஞாயித்துக்கிழமை பிளைட்டு. ரெண்டு வருஷத்துக்கு வர முடியாது. எனக்குத்தான் மேடம் வேலை தேடினோம். அவளுக்குத்தான் கிடைச்சுது."

தெரபிஸ்டுக்குத் தான் பேசிய பேச்செல்லாம் நெஞ்சில் குத்தியது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாம வாய் விட்டுட்டேம்மா, மனசுல வெச்சுக்காதீங்க. அங்க என்ன வேலை?"

அவள் பட்டாணியின் முதுகைத் தொடக் கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். ஒரு நோட்டைக் கணவன் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றைத் தன் பைக்குள் வைத்தாள்.

"ஒரு வீட்ல குழந்தை பாத்துக்கிற வேலை மேடம். அதுக்கும் அஞ்சு மாசம்தான்."