கழற்றிய கதவு

அலுமினியச் சட்டங்களை போல்ட் போட்டு இணைத்து, எண்ணூர் கம்பெனி ஒன்றுக்கு அட்டைப்பெட்டி வெட்டும் மிஷின் கட்டியிருந்தான் பீம்ராவ். வெட்டும் பிளேடுக்கு முன்னால் ஒரு காப்புக் கதவு வைத்திருந்தான்.

"கதவைத் தொறந்தா மிஷின் நின்னுடுது. வேலை கெடுது. கழட்டிடு," என்றார் மேனேஜர்.

"கதவு இல்லாங்காட்டி கை மாட்டிக்கும் சார்."

"எவ கையோ மாட்டினா உனக்கென்ன? முடியாதுன்னா சொல்லு, வேற ஆளைக் கூப்பிடறேன்."

கதவையும் அதன் சுவிட்சையும் கழற்றிக் கொடுத்தான். மிஷின் நிற்காமல் ஓடியது.

மதியம் வீடு திரும்பினால், பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு கெங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"உன் பொண்டாட்டி எண்ணூர்ல வேலைக்குப் பூட்டா நைனா. அட்டைப்பெட்டி கம்பெனியாம், புது மிஷினாம். சம்பளம் வாங்கினு வந்து உன்கைல சொல்லணும்னு இருந்தா."

பீம்ராவ் சைக்கிளைத் திருப்பி மிதித்தான்.

கம்பெனிக்குள் ஓடியபோது மிஷின் நின்றிருந்தது. சுற்றிலும் கூட்டம். கட்டுப் போட யாரோ புடவை கிழிக்கும் சத்தம் கேட்டது.