கூடைக்குள் வராதே

பனி இறங்கிய ஒரு மாலையில், கொல்லையில் கிடந்த பிரம்புக் கூடையின் அருகே வந்து நடுங்கிக்கொண்டு நின்றது, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த பூனைக்குட்டி மிளகு. கூடைக்குள் பழைய கம்பளித் துணி மெத்தென்று கிடந்தது.

"கூடையக்கா, உள்ளே படுத்துக்கட்டுமா?"

கூடையின் மடி ஏங்கியது. போன மாதம்வரை இரண்டு குட்டிகள் அதற்குள்தான் சுருண்டு உறங்கின. வாந்தியும் காய்ச்சலுமாக இரண்டும் செத்துப்போயின. கூடையை எரித்துவிடச் சொன்னார் டாக்டர். வீட்டுக்காரி கோமளவல்லிக்குத்தான் மனசு வரவில்லை.

"வேண்டாம் கண்ணு. அதுங்களைக் கொண்டுபோன நோய் இன்னும் எங்கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கு. நீ இன்னும் ஊசிகூடப் போட்டுக்கலை."

"ரொம்பக் குளிருதே அக்கா" என்று மிளகு முன்னங்காலைத் தூக்கியது.

கூடை பதறிப் பின்னால் சாய்ந்தது. கொல்லைச் சரிவில் மெல்ல உருண்டு, கீழே கோமளவல்லி கூட்டிக் கொளுத்தியிருந்த சருகுக் குவியலில் போய் விழுந்தது.

பிரம்பு படபடவென்று பற்றிக்கொண்டது. வலிக்கவில்லை; பனிக்குள் கரைவதுபோல லேசாக இருந்தது. புகையாய் மேலே எழுந்தபடி கூடை கீழே பார்த்தது. மிளகு தீக்குச் சற்றுத் தள்ளிக் கால்களை மடித்து உட்கார்ந்து, அந்தக் கதகதப்பில் மெல்லக் கண்களை மூடிக்கொண்டிருந்தது.